கணக்கு நோட்டில் இருக்கும் தாத்தா

வாசகர் கேள்வி – பதில்

அயனாவரத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராகச் சேர்ந்து, சார்ஜ்மேனாக (மேற்பார்வையாளராக) ஓய்வு பெற்ற அவருடைய தாத்தா சென்ற ஆண்டு காலமானார். முதல் திதிக்குள் தாத்தாவின் வாழ்க்கையைச் சிறு புத்தகமாக அச்சிட்டு உறவினர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது பேத்தியின் விருப்பம். எழுதி முடித்த நாற்பது பக்கங்களையும், தாத்தாவின் பழைய கணக்கு நோட்டிலிருந்து ஆறு பக்க நகலையும் இணைத்து நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். வழக்கமாகப் பலருக்கும் இடம் தரும் இந்தப் பகுதியை இந்த முறை அவர் ஒருவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எழுதியதைப் படித்துப் பார்த்தால் அது எந்தத் தாத்தாவுக்கும் பொருந்தும்போல் இருக்கிறது. பாசமானவர், கடும் உழைப்பாளி, ஊர் ஊராகப் போவதில் ஆசை கொண்டவர் என்பதைத் தாண்டி எழுத வரவில்லை. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: தங்கள் நாற்பது பக்கங்களை ஒரு முறையும், அந்த ஆறு பக்க நகலை நான்கு முறையும் படித்தேன். தாத்தா அந்த ஆறு பக்கங்களில்தான் இருக்கிறார்.

1956 டிசம்பர்ப் பக்கத்தில் கணக்கு ரூபாய், அணா, பைசா என்று மூன்று பத்திகளாக ஓடுகிறது. 1957 ஏப்ரல் 1 முதல் ஒரு ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று மாறியபோது, அவர் மையால் நயா பைசாவையும் ஓரத்தில் பென்சிலால் பழைய அணாவையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. அந்தக் கால் பைசா கடைக்காரர் பக்கம் போகிறதா, தம் பக்கம் வருகிறதா என்று ஒவ்வொரு வரியிலும் சரிபார்த்த மனிதரைத் தாங்கள் ‘சிக்கனமானவர்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள்.

அதே நோட்டில் ஒவ்வொரு மாதமும் முதல் வரி ஒன்றுதான்: ‘ஊருக்கு ம.ஆ. 15’. வாடகையும் அரிசியும் அதற்குக் கீழேதான் வருகின்றன. போளூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த தம் தாயாருக்கு அவர் அனுப்பிய மணியார்டர் அது. 1961 செப்டம்பர்ப் பக்கத்தின் நடுவில், ‘தந்தி ஆளுக்கு இனாம் 0.25’ என்று ஒரு வரி. அதற்கு அடுத்து ‘பஸ் சார்ஜ்’. அதன் கீழ் ‘எள், பச்சரிசி, வேட்டி’. அக்டோபர்ப் பக்கத்தில் முதல் வரி வாடகையாக இருக்கிறது. ரயில்வே ஊழியர் பஸ்ஸில் போனார் என்பதையும் கவனியுங்கள். ஊழியருக்கான இலவச ரயில் பாஸ் எழுதி வாங்க அன்று அவருக்கு நேரம் இருந்திருக்காது. தாயார் இறந்ததைப் பற்றி அவர் வேறெங்கும் ஒரு சொல்கூட எழுதிவைக்கவில்லை என்கிறீர்கள். எழுதிவைத்திருக்கிறார். அந்த இரண்டு பக்கங்களையும் எதிரெதிரே அப்படியே அச்சிடுங்கள், விளக்கம் சேர்க்காதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் சொந்தக் குற்ற உணர்ச்சியும் காரணம். திருவல்லிக்கேணி வீட்டைக் காலி செய்தபோது, என் தாத்தாவின் நாட்குறிப்புகளைப் பழைய பேப்பர்காரரின் தராசில் வைத்தவர்களில் நானும் ஒருவன். தராசு முள் எங்கே நின்றது என்பது நினைவிருக்கிறது. உள்ளே என்ன எழுதியிருந்தது என்பது இனி யாருக்கும் தெரியாது.

உழைப்பைப் பற்றி: ‘கடும் உழைப்பாளி’ என்பதை அடித்துவிட்டு, அவர் கை என்ன செய்தது என்று எழுதுங்கள். ஐ.சி.எஃப். தொழிற்சாலையை நேரு 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கிவைத்தார். சுவிஸ் நிறுவனம் ஒன்று தொழில்நுட்பம் கொடுத்தது. அதற்கு முன் இங்கே ஓடிய பெட்டிகளில் பெரும்பாலானவை இரும்புச் சட்டத்தின்மேல் மர உடல் பொருத்தியவை. மோதல் நடந்தால் மரம் நொறுங்கி, ஒரு பெட்டி இன்னொன்றுக்குள் புகுந்துவிடும். பெரம்பூரில் கட்டிய பெட்டியிலோ அடிச்சட்டம், பக்கச் சுவர், கூரை எல்லாம் எஃகு. எல்லாவற்றையும் ஒரே கூடாக வெல்டிங் செய்து இணைத்ததால், பாரத்தையும் அதிர்ச்சியையும் முழு உடலுமே தாங்கியது. தொடக்க ஆண்டுகளில் இந்த வெறும் கூடு மட்டுமே அங்கே தயாரானது. இருக்கை, விளக்கு, மின்விசிறி பொருத்தும் ஃபர்னிஷிங் பிரிவு 1962-இல்தான் வந்தது. ஆக, தாத்தா சேர்ந்த காலத்தில் அவர் பார்த்தது இருக்கை இல்லாத, ஜன்னல் இல்லாத இரும்புக் கூட்டை மட்டுமே. அந்தக் கூடு உறுதியாக நிற்பது அவர் போட்ட வெல்டிங்கைப் பொறுத்தது.

27-ஆம் பக்கத்தில் தாங்கள் போகிற போக்கில் சொன்ன இரண்டு செய்திகளை முன்னால் கொண்டு வாருங்கள். ஒன்று, அவருடைய முன்கையில் தீப்பொறி பட்ட புள்ளிப் புள்ளித் தழும்புகள். மற்றொன்று, எந்த ஊருக்குக் கிளம்பினாலும், ரயிலில் ஏறுமுன் பெட்டியின் கோடிக்குப் போய் ஐ.சி.எஃப். தகடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, ‘நம்ம வண்டிதான், ஏறுங்கள்’ என்று சொல்லும் பழக்கம். சங்கு ஊதுமுன் டிபன் கேரியரோடு கேட்டுக்குள் நுழைந்ததை மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள், ஓரிடம் போதும். நியூ ஆவடி சாலையில் உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், பழைய பெட்டிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து இந்த அத்தியாயத்தைத் திருத்துங்கள்.

கேள்வி: பள்ளிச் சான்றிதழில் தாத்தா பிறந்த தேதி 1932 ஜூன் 1. ஜாதகத்தில் ஸ்ரீமுக வருஷம், தை மாதம். எதைப் போடுவது?

பதில்: ஜாதகத்தைப் போடுங்கள். ஸ்ரீமுக வருஷம் 1933 ஏப்ரலில் தொடங்கி 1934 ஏப்ரலில் முடிந்தது; எனவே அந்தத் தை மாதம் 1934 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை. நட்சத்திரமும் குறித்திருந்தால், அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தை வைத்து ஆங்கிலத் தேதியைக் கண்டுபிடித்துவிடலாம். அந்தக் காலத்தில் பிள்ளை வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொட்டுவிட்டால் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். வாத்தியார் தம் கணக்குக்கு ஒரு ஜூன் ஒன்றாம் தேதியை எழுதிக்கொள்வார். வீட்டுக்கு வீடு இப்படி ஒரு ஜூன் ஒன்று உண்டு.

ஆனால் சான்றிதழ்த் தேதியை விட்டுவிடாதீர்கள். மத்திய அரசு ஊழியருக்கு அப்போது ஓய்வு வயது 58. ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வு பெற வேண்டும். தாத்தா 1990 மே 31 அன்று மாலையோடு வீடு வந்தது அதனால்தான். வாத்தியார் போட்ட தேதி அவருக்கு ஏறக்குறைய இருபது மாதச் சம்பளத்தை இல்லாமல் செய்திருக்கிறது. அப்போது தங்கள் சித்தியின் கல்யாணக் கடன் பாக்கி இருந்தது என்று 31-ஆம் பக்கம் சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால், அந்த ஓய்வு நாள் புகைப்படத்தில் அவர் ஏன் சிரிக்கவில்லை என்பது தங்களுக்கே விளங்கும்.

கேள்வி: 1966-இல் பாட்டியுடன் எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கிக் கடலாடியதாகத் தாத்தா அடிக்கடி சொல்வார். மாமா அது பொய் என்கிறார். நீக்கிவிடலாமா?

பதில்: நீக்க வேண்டாம், ஆண்டை மட்டும் திருத்துங்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயிலையும் கடல் கொண்டுபோயிற்று. பாம்பன் பாலத்தைச் சில வாரங்களில் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடிப் பாதையை மீண்டும் போடவில்லை. அதுவரை தனுஷ்கோடியிலிருந்து போன இலங்கைக் கப்பல் அதன்பின் ராமேஸ்வரத்திலிருந்து போயிற்று. ஆகவே 1966-இல் ரயிலில் போய்த் தனுஷ்கோடியில் இறங்கியிருக்க முடியாது. தங்கள் மாமா சொல்வது அந்த அளவில் சரி. ஆனால் தாங்களே ‘கைக்குழந்தை இல்லாமல் போன ஒரே பயணம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணம் 1963, பெரியம்மா பிறந்தது 1965. அப்படியானால் அந்தப் பயணம் புயலுக்கு முந்தையது. தொண்ணூறு வயதில் ஒருவர் இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளிச் சொல்வதைப் பொய் என்று சொல்லக்கூடாது. அவர் சொன்னபடியே கதையை எழுதி, கீழே ஒரு வரியில் ஆண்டைத் திருத்திக் காட்டுங்கள்.

கேள்வி: ஊர் நிலத்துக்காகத் தாத்தா தம் தம்பியுடன் பத்தொன்பது ஆண்டுகள் பேசவில்லை. சின்னத் தாத்தாவின் பிள்ளைகளும் புத்தகத்தைப் படிப்பார்கள். இதை எழுதலாமா?

பதில்: எழுதலாம், இரண்டே வாக்கியங்களில். யார் பக்கம் நியாயம் என்று மூன்றாவது வாக்கியத்தைத் தொடங்க வேண்டாம். அச்சுக்குக் கொடுக்குமுன் அந்தப் பக்கத்தைச் சின்னத் தாத்தாவின் மூத்த பிள்ளையிடம் நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

தாங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நாற்பது பக்கத்தில் பாட்டி மூன்று இடங்களில் வருகிறார்: கல்யாணத்தில், தனுஷ்கோடியில், முழங்கால் அறுவைச் சிகிச்சையில். தாத்தாவின் பயணங்கள் என்று பதினோரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பாஸில் அவர் பெயரோடு குடும்பத்தின் பெயரும் இருந்தது. ஹோல்டாலைக் கட்டியது யார், இரண்டு நாள் கெடாத புளியோதரையைக் கிளறியது யார், கூஜாவில் தண்ணீர் தீர்ந்தால் எந்த ஸ்டேஷனில் வண்டி நிற்கும் என்று மனப்பாடமாக வைத்திருந்தது யார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. எண்பத்து மூன்று வயதில் பாட்டி தங்கள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ‘பாட்டி எதுவும் சொல்வதில்லை’ என்று கடிதத்தில் குறைப்பட்டிருக்கிறீர்கள். ‘தாத்தாவைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? நல்லவர் என்பார்; அது தங்களுக்குத் தெரிந்ததுதானே. செல்போனை முன்னால் நீட்டாமல், கீரை ஆய்கிற நேரமாகப் பார்த்து, கூட உட்கார்ந்து ஆய்ந்தபடி சின்னக் கேள்வியாகக் கேளுங்கள்.

ஒன்றை நானே எடுத்துத் தருகிறேன். 1983-இல் காசிக்குப் போய்வந்தபோது ஈயம் வைத்து அடைத்த செப்புச் சொம்பில் ‘தாத்தா கங்கை நீர் கொண்டுவந்தார்’ என்றும், நாற்பது ஆண்டுக்கு மேல் பூஜை அலமாரியில் இருந்த அதைத் திறந்து கடைசி நேரத்தில் அவர் வாயிலேயே விட்டோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். காசியிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வரை அந்தச் சொம்பு யார் மடியில் இருந்தது என்று பாட்டியிடம் கேளுங்கள்.