உழவாரன் குடியிருக்கும் சுவர்: கேள்வியும் பதிலும்

கட்டடங்களில் கூடு வைக்கும் உழவாரன் என்ற பறவைகளைக் கணக்கெடுப்பது, காப்பாற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் குடியிருப்பைச் சுற்றிப் பறப்பது தகைவிலானா, உழவாரனா? இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

கம்பியில் வந்து உட்கார்ந்தால் அது தகைவிலான். உழவாரன் கம்பியிலோ கிளையிலோ உட்காரவே உட்காராது. கால்கள் அவ்வளவு குட்டை. செங்குத்தான சுவரை நகத்தால் பற்றித் தொங்கத்தான் அவை உதவும். பறக்கும்போது இறக்கை அரிவாள் வளைவில் விறைப்பாக இருக்கும். உறவுமுறை பார்த்தால் தகைவிலானைவிடத் தேன்சிட்டை ஒத்த அமெரிக்க ஹம்மிங்பறவைதான் இதற்கு நெருக்கம்.

ஐரோப்பாவில் கூடு வைக்கும் 'சாதாரண உழவாரன்' (Common Swift) என்ற இனப் பறவைகள் மீது சின்னப் பதிவுக்கருவிகளைப் பொருத்தி சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள். 2016-இல் முடிவு வந்தது: சில பறவைகள் பத்து மாதம் முழுக்கத் தரையிறங்கவே இல்லை. உண்பது, உறங்குவது எல்லாம் வானத்திலேயே. முட்டையிட மட்டும் அதற்கு ஓர் இடுக்கு வேண்டும். அந்த இடுக்கைத்தான் நாம் பூசி மூடிக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: உண்மையிலேயே குறைந்துவிட்டனவா? எங்கள் பகுதியில் நிறையவே தெரிகின்றனவே.

எல்லா இனமும் குறையவில்லை. நாட்டு உழவாரன் பாலங்களுக்கு அடியிலும் கட்டடக் கூரைகளிலும் கூட்டங்கூட்டமாகக் கூடு வைத்துப் பல இடங்களில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பிரிட்டனில் சாதாரண உழவாரன் 1995-க்குப் பிறகு பாதிக்கு மேல் குறைந்து, 2021-இல் அங்குள்ள பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வட அமெரிக்காவின் புகைபோக்கி உழவாரனும் வேகமாகச் சரிந்துகொண்டிருக்கிறது. பறக்கும் பூச்சிகள் குறைவது, வானிலை மாறுவது, கூடு வைக்கும் இடம் போவது எல்லாமே காரணங்கள். முதல் இரண்டையும் ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து திருத்திவிட முடியாது. மூன்றாவதை முடியும். அதனால்தான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கணக்கெடுக்கலாம் என்றிருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

நேரத்திலிருந்து. சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு போய் நில்லுங்கள், இருட்டும்வரை இருங்கள். மழையும் பலத்த காற்றும் இல்லாத நாளாகப் பாருங்கள். உச்சியில் வட்டமிடுபவை இரை தேடுபவை. அவை எங்கிருந்தோ வந்திருக்கலாம். கூரை மட்டத்தில் கீச்சிட்டுக்கொண்டு, சுவரை உரசினாற்போல் கூட்டமாகப் போகிறவைதான் பக்கத்தில் கூடு இருப்பதைக் காட்டிக்கொடுக்கும்.

அப்படி ஓர் இடம் கிடைத்ததும், பறவையைக் கண்ணால் துரத்துவதை நிறுத்திவிடுங்கள். புதிதாக வருபவர்களுக்கு இதுதான் கடினம். கண் சுவரின் மேல் இருக்கட்டும். பறவை நேராகச் சுவரை நோக்கி வரும், மோதிவிடும் என்று நமக்குப் பதறும். கடைசி நொடியில் இறக்கையை ஒடுக்கி இடுக்குக்குள் போய்விடும். பெரும்பாலும் சத்தமே இருக்காது. கண் சிமிட்டினால் போயிற்று. இதற்குப் பைனாகுலர் இடைஞ்சல், வெறுங்கண்ணே போதும். ஒருவர் சுவரின் இடப்பாதி, இன்னொருவர் வலப்பாதி என்று பிரித்துக்கொண்டால் தப்பாது.

உள்ளே போனதைப் பார்த்த உடனே எழுதுங்கள். "பழைய கட்டடம், மூன்று கூடு" என்று எழுதினால் அடுத்த ஆண்டு யாருக்கும் பயன்படாது. "மேற்குச் சுவர், மூன்றாம் மாடி, இடமிருந்து இரண்டாவது ஜன்னலுக்கு மேலே, குழாயை ஒட்டிய விரிசல்" என்று இருக்க வேண்டும். மறுநாள் பகலில் போய் அந்தச் சுவரைப் படமெடுத்து, விரிசல்மேல் வட்டம் போட்டு வையுங்கள். தேதி, நேரம், வானிலையும் கூடவே. ஒரு மேஸ்திரியின் கையில் அந்தப் படத்தைக் கொடுத்தால் அவருக்கு விளக்கமே தேவைப்படாது. இந்தப் பறவை ஆண்டுதோறும் அதே இடுக்குக்குத்தான் திரும்பி வரும். ஒரு முறை சரியாகக் குறித்தது பல ஆண்டுக்கு உதவும்.

ஒரு மாலை நின்று ஒன்றும் தெரியவில்லை என்பதால் கூடு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அடைகாக்கும் நாட்களில் பறவை மணிக்கணக்காக வெளியே வராது. குஞ்சு பொரித்த பிறகுதான் போக்குவரத்து கூடும். கூடு வைக்கும் பருவத்தில் சில வார இடைவெளி விட்டு மூன்று நான்கு மாலைகளாவது பாருங்கள்.

கேள்வி: நேற்று முப்பது பறவைகள் எண்ணினோம். அப்படியானால் பதினைந்து கூடா?

இல்லை. சாதாரண உழவாரன் மூன்று நான்கு வயதில்தான் முதன்முதலாகக் கூடு வைக்கும். அதுவரை இளசுகள் இடம் தேடி அலையும். சுவரில் மோதி, இடுக்கை இறக்கையால் தட்டிப் பார்த்துவிட்டுப் போகும். உள்ளே ஆள் இருந்தால் கத்திப் பதில் வரும். நீங்கள் எண்ணிய முப்பதில் இவையும் சேர்த்தி. பறவைகளின் எண்ணிக்கையைத் தனியாகவும், உள்ளே போனதைக் கண்ணால் பார்த்த இடுக்குகளைத் தனியாகவும் எழுதுங்கள். கூடுகளின் கணக்கு இரண்டாவது மட்டும்தான்.

கேள்வி: சார், எங்கள் அடுக்ககத்தில் அடுத்த மாதம் சாரம் கட்டி, விரிசல் பூசி, வண்ணம் அடிக்கப் போகிறார்கள். ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. செயலாளர் என்ற முறையில் நான் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம். வேலை தொடங்குமுன் கேட்டது பெரிய நன்மை.

முதலில், இப்போது கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண உழவாரனுக்கு அடைகாப்பு மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவு. அதன்பின் குஞ்சு பறக்க ஏறக்குறைய ஆறு வாரம், வானிலை மோசமானால் எட்டு வாரம்கூட ஆகும். நாட்டு உழவாரன் ஆண்டில் ஒரு தடவைக்கு மேலும் குஞ்சு பொரிக்கும் என்பதால் நாட்காட்டியை மட்டும் நம்பாமல் கூட்டைப் பாருங்கள். முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்தச் சுவரைக் கடைசிக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். மற்ற மூன்று பக்கமும் முதலில் முடியட்டும். ஒப்பந்ததாரருக்கு இதில் நட்டம் எதுவுமில்லை, வரிசைதான் மாறுகிறது. சாரம் கட்டியே ஆக வேண்டும் என்றால், இடுக்குக்கு முன்னாலும் கீழேயும் வலை போடாமல் வழி விடச் சொல்லுங்கள். உழவாரன் கூட்டிலிருந்து கீழே விழுந்துதான் வேகம் எடுக்கும். வலை விரித்தால் தாய்ப்பறவை உள்ளே போக முடியாது. குஞ்சு பட்டினியில் சாகும்.

அடுத்தது அந்த விரிசல். கட்டடத்துக்கு ஆபத்தில்லாததென்றால் அப்படியே விடலாம். மூடித்தான் ஆக வேண்டும் என்றால், பறவை கூட்டில் இல்லாத பருவத்தில் மூடி, அதே இடத்தில் கூடுப்பெட்டி வையுங்கள். ஒரு முழம் தள்ளி வைத்தாலே பழைய பறவை கண்டுபிடிக்காமல் மூடிய விரிசலில் மோதிக்கொண்டிருக்கும்.

சட்டமும் துணைக்கு உண்டு. பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டின் வனவிலங்கு, கிராமப்புறச் சட்டப்படி பயன்பாட்டில் இருக்கும் கூட்டைக் கலைப்பது குற்றம். அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டம் புகைபோக்கி உழவாரனுக்கும் பொருந்தும். ஜெர்மனியில் பறவை வலசை போயிருக்கும் காலத்திலும் கூடு இருக்கும் இடத்துக்குப் பாதுகாப்பு உண்டு, அதுதான் சரியான சட்டம் என்பது என் எண்ணம். உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று வனத்துறையில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: பழைய நினைவுச்சின்னங்களில் இந்தப் பறவைகளை விட்டுவைப்பது கட்டடத்துக்கு நல்லதா? எச்சம் படியுமே.

பெய்ஜிங்கைப் பாருங்கள். அங்குள்ள பழைய அரண்மனைகள், வாயில்களின் மரக் கூரைகள்தான் உழவாரன்களின் வீடு. எச்சத்துக்கு அஞ்சிப் பல கட்டடங்களில் கம்பிவலை அடித்தார்கள். பறவைகள் இடம் இழந்தன. கோடை அரண்மனையின் ஒரு மண்டபத்தில் கூட்டம் பெரிதாக நிலைத்தது. அங்கே ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் விடியும் முன்னே வந்து, பறவைகளைப் பிடித்து, அடையாளத்துக்குக் காலில் வளையமிட்டு விடுகிறார்கள். 2014-இல் 31 பறவைகள் மேல் பதிவுக்கருவி பொருத்தினார்கள். அடுத்த ஆண்டு திரும்பப் பிடித்தவற்றின் கருவிகளைப் படித்தபோது, அவை குளிர்காலத்தைக் கழிக்கத் தென் ஆப்பிரிக்கப் பகுதிவரை போய் வந்தது தெரிந்தது. போன பறவை திரும்பி வந்து அதே மண்டபத்தில் நுழைந்ததால்தான் அந்தக் கதையே நமக்குக் கிடைத்தது. ஜெருசலேமின் மேற்குச் சுவரிலும் கற்களின் இடுக்கில் உழவாரன்கள் கூடு வைக்கின்றன. ஆண்டுதோறும் அவை வரும் காலத்தில் மக்கள் கூடி வரவேற்கிறார்கள்.

கேள்வி: எச்சத்தால் நோய் வருமா? கூட்டில் பேன் மாதிரி ஒரு பூச்சியைப் பார்த்து வீட்டில் பெரியவர்கள் பயப்படுகிறார்கள்.

அது உழவாரன்மேல் வாழும் ஈ. மனிதர்மேல் அது வாழாது, பயப்பட வேண்டாம். இடுக்குக்குள் கூடு வைக்கும் இனங்களால் சுவர் அசுத்தமாவது குறைவு. திறந்த கூரைக்கடியில் நாட்டு உழவாரன்கள் கூட்டமாக இருந்தால் கீழே எச்சம் விழும். நடைபாதைக்கு மேலே, கூட்டிலிருந்து நன்றாகக் கீழிறக்கி ஒரு பலகை அடித்தால் தீர்ந்தது. பெருக்கும்போது முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, எச்சத்தை நனைத்துவிட்டுப் பெருக்குங்கள்.

கேள்வி: கூடுப்பெட்டி நாங்களே செய்யலாமா? அளவு என்ன?

தாராளமாகச் செய்யலாம். உள்ளே 40 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம் இருந்தால் போதும். வாசல்தான் முக்கியம்: 6.5 செ.மீ. அகலம், 2.8 செ.மீ. உயரம். உயரத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் மைனா வகைகள் நுழைந்துவிடும். ஐந்து மீட்டர் உயரத்துக்கு மேலே, கடும் வெயில் படாத பக்கத்தில், கீழே மரமோ கம்பியோ இல்லாமல் வையுங்கள். ஒன்றோடு நிறுத்தாமல் மூன்று நான்காக வைப்பது நல்லது; கூட்டமாக வாழும் பறவை இது.

புதிய கட்டடம் என்றால் சுவருக்குள்ளேயே பதிக்கும் கூடுசெங்கல் இன்னும் மேல். பராமரிப்பு கிட்டத்தட்ட இல்லை, கட்டடம் இருக்கும்வரை இருக்கும். பிரிட்டனின் பிரைட்டன் நகராட்சி 2020 முதல் ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களில் இதைக் கேட்கிறது. நாடு முழுவதற்கும் இதைக் கட்டாயமாக்கக் கோரிய மனுவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட, 2023 ஜூலையில் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது.

கேள்வி: தரையில் கிடந்த ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். மேலே தூக்கி எறிந்தால் பறந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

தயவுசெய்து எறியாதீர்கள். அடிபட்டதாகவோ இறகு முற்றாத குஞ்சாகவோ இருந்தால் அந்த ஒரு எறி அதைக் கொன்றுவிடும். நல்ல நிலையில் உள்ள, வளர்ந்த பறவை பெரும்பாலும் தரையிலிருந்து தானாகவே எழும்பிவிடும். கிடக்கிறது என்றாலே ஏதோ கோளாறு என்று பொருள்.

காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் மெல்லிய துணி விரித்து, உள்ளே வைத்து மூடி, சத்தமில்லாத நிழலில் வையுங்கள். வாய்க்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். நனைத்த பஞ்சுக்குச்சியை அலகின் ஓரத்தில் தொட்டு வைத்தால் அதுவாக உறிஞ்சிக்கொள்ளும். சோறு, ரொட்டி, பால், இறைச்சி எதுவும் வேண்டாம். பூச்சி தவிர வேறெதுவும் அதற்கு உணவல்ல; தவறான தீனியால் இறகே கெட்டு வளரும். அன்றைக்கே பறவைகளுக்குச் சிகிச்சை செய்யும் மருத்துவரிடமோ மீட்பு மையத்திடமோ சேர்த்துவிடுங்கள். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் உழவாரன்களுக்கென்றே மருத்துவமனை இருக்கிறது. உடைந்த இறகுக்கு மாற்று இறகு ஒட்டிப் பறக்கவிடுகிறார்கள்.

கேள்வி: கூட்டுக்குள் டார்ச் அடித்துக் குஞ்சைப் படம் எடுக்கலாமா?

கூடாது. அடைகாக்கும் நேரத்தில் தொந்தரவு பட்டால் கூட்டையே கைவிட்டுவிடும். பார்த்தே ஆக வேண்டும் என்றால், பருவம் தொடங்குமுன் பெட்டிக்குள் சின்னக் கேமரா பொருத்திவிடுங்கள். பறக்கும் நாள் நெருங்க நெருங்க, குஞ்சு இரண்டு இறக்கையையும் தரையில் ஊன்றி, உடம்பை மேலே தூக்கித் தூக்கி இறக்கும். தண்டால் எடுப்பது அப்படியே தெரியும். பிறகு ஒரு நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டுக் குதிக்கும். பறந்து பழகும் ஒத்திகை கிடையாது, பெற்றோர் துணைக்கு வருவதும் கிடையாது.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளை இதில் சேர்க்கலாமா, ஐயா? ஆசிரியையாக ஆசை இருக்கிறது.

கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மா. அமெரிக்காவின் போர்ட்லண்டில் சாப்மன் பள்ளியின் பழைய புகைபோக்கியில் செப்டம்பர் மாலைகளில் வாக்ஸ் உழவாரன் என்ற இனப் பறவைகள் ஆயிரக்கணக்கில் தங்க வரும். பறவைகளுக்காக அந்தப் பள்ளியில் வெப்பமூட்டும் உலையை மூட்டாமலே விட்டார்கள். பிள்ளைகள் குளிருக்கு மேல்சட்டை போட்டுக்கொண்டு பாடம் படித்தார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அவ்வளவு கஷ்டம் வராது. ஆளுக்கு ஒரு ஜன்னல் வரிசையைப் பிரித்துக் கொடுங்கள். சின்னக் கண்களுக்கு நுழையும் கணம் தப்புவதில்லை. ஜூன் 7 உலக உழவாரன் நாள். தொடங்க நல்ல சாக்கு.

கேள்வி: பெட்டி வைத்து இரண்டு வருடம் ஆயிற்று, ஒரு பறவையும் வரவில்லை. கழற்றிவிடட்டுமா?

வேண்டாம். பக்கத்தில் கூட்டம் இல்லாவிட்டால் நான்கைந்து ஆண்டுகூட ஆகும். பருவத்தில் காலையிலும் மாலையிலும் உழவாரன் குரலைப் பெட்டிக்கருகே மெதுவாக ஒலிக்கவிடுங்கள், அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிட்டு. இடம் தேடும் இளசுகள் அந்தக் குரலுக்குத்தான் வரும். இந்த ஆண்டு ஒன்று பெட்டியைத் தட்டிவிட்டுப் போனால், அடுத்த ஆண்டு தங்கக்கூடும். இடையில் சிட்டுக்குருவி குடியேறினால் இருக்கட்டும், பக்கத்திலேயே இன்னொரு பெட்டி மாட்டுங்கள்.