மதில்மேல் வில்லாளிக்கு எத்தனை சதவீதம்?

கேள்வி கேட்டவருக்கு வேண்டியது ஒரு சதவீதம்: ஸ்ட்ராட்டஜி கேம்களில் மதிலில் நிற்கும் வில்லாளிக்கு எவ்வளவு பாதுகாப்புக் கொடுத்தால் நியாயம்? அம்பு எந்தப் பக்கத்தால் வருகிறது என்று தெரியாமல் எந்த எண்ணைச் சொன்னாலும் பிழைதான்.

ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் இரண்டில் நானும் மச்சானும் ஒரு காலத்தில் விடிய விடிய மோதியிருக்கிறோம். நான் ஊரைச் சுற்றிக் கல்மதில் எழுப்பி, பின்னால் வில்லாளிகளை அடுக்கிவிட்டு நிம்மதியாக இருப்பேன். அவன் மாங்கனல் என்ற கல்லெறி பொறி இரண்டை உருட்டி வந்து, மதிலுக்கு மேலாலேயே கல்லெறிந்து மொத்தப் பேரையும் முடித்துவிடுவான். அந்த கேமில் மதில் ஆளைத் தடுக்கும், அவ்வளவுதான். மேலே ஏறி நிற்கவும் முடியாது. அதே வில்லாளிகள் 20 பேரைக் கோட்டைக்குள் அனுப்பினால் ஒருவர்மேலும் கீறல் விழாது, கோட்டை விடும் அம்பும் கூடும். ஒன்றில் மறைப்பே இல்லை, மற்றதில் முழு மறைப்பு. நான்காம் பாகத்தில் கல்மதில்மேல் ஏறி நிற்க விட்டார்கள், சந்தோஷம். ஆனால் எனக்கு அது போதாது.

உண்மையான மதிலின் உச்சியைப் பல்லுப்பல்லாகக் கட்டுவார்கள். பழந்தமிழில் ஞாயில் என்பது அதுதான். பல்லுக்குப் பின்னால் நிற்பவன் பத்திரம், ஆனால் அங்கே நின்று எய்ய முடியாது. எய்ய இடைவெளிக்கு வரவேண்டும், வந்தால் கீழே இருப்பவன் கண்ணில் படுவான். அம்புத்துளை வேறு மாதிரி. வெளியே ஒடுங்கிய கீறல், உள்ளே அகலம். அதற்குள் அம்பைப் புகுத்துவது எதிரிக்குப் பெரும்பாடு. ஆனால் உள்ளே நிற்பவனுக்கும் ஒரு துண்டு நிலம்தான் தெரியும். ஆகவே கேமில் நிறைய மறைப்பு வேண்டுமா, நிறையப் பார்வை வேண்டுமா என்று ஆடுபவனையே தேர்ந்தெடுக்க விடவேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பிறகு யோசிக்க என்ன இருக்கிறது?

இன்னொன்று, மதிலின் அடி. எதிரி அடியில் வந்து ஒட்டிக்கொண்டால் நேர் மேலே நிற்பவன் வெளியே எட்டிக் குனியாமல் அவனை அடிக்க முடியாது. கோபுரங்களையும் கொத்தளங்களையும் வெளியே துருத்திக் கட்டியது இதற்காகத்தான், ஒன்றின் அடியை மற்றது பக்கவாட்டில் பார்க்கும். நேர்கோட்டில் மதில் இழுப்பவனை கேம் தண்டிக்கவேண்டும்.

சரி, நான் திருகோணமலைக்காரன், பிரெட்ரிக் கோட்டையை இழுக்காமல் விடமாட்டேன். அது பீரங்கிக் காலத்துக் கோட்டை, வில்லாளி நின்ற இடமல்ல. என்றாலும் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது அந்த வாசலில் ஒருமுறை நின்று பாருங்கள் (மான்களைப் பிறகு பார்க்கலாம்). மதில் தீபகற்பத்தின் கழுத்தை மறித்து நிற்கிறது, அந்தப் பக்கம் கடலும் செங்குத்துப் பாறையும். காவலுக்கு ஆட்கள் முக்கியமாக வேண்டியது அந்தக் கழுத்துக்குத்தான். நான் கேமில் ஊர் முழுக்கச் சுற்றிக் கட்டிய மதிலுக்கு 20 பேர் எந்த மூலைக்குக் காணும்?

அவ்வளவு நல்ல இடத்தில் இருந்தும் 1782இல் அது இரண்டு தடவை கை மாறியது. ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஓகஸ்ட் கடைசியில் சுஃப்ரேன் தலைமையில் பிரெஞ்சுக்காரர் இறங்கி, சில நாட்களிலேயே பறித்துக்கொண்டார்கள். ஹியூஸின் ஆங்கிலேயக் கப்பற்படை செப்டம்பர் தொடக்கத்தில் வந்து பார்த்தால் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி. 3ஆம் தேதி கடலில் சண்டை நடந்தது, கோட்டை திரும்பவில்லை. இன்னும் ஒரு கிழமை தாக்குப்பிடித்திருந்தால் கதை வேறு.

கேம்களில் நான் தேடுவது இந்தக் கிழமைக் கணக்கைத்தான். வில்லாளி எத்தனை பேரைக் கொன்றான் என்பதைவிட எத்தனை நாள் இழுத்தடித்தான் என்பது முக்கியமாக இருக்கட்டும். அம்பு விழும் நிலத்தில் ஏணி தூக்கி வருபவனின் வேகம் பாதியாகட்டும், கதவை இடிக்க வருபவன் தட்டி மறைப்புச் செய்துகொண்டு வரட்டும். உதவிப்படையும் எங்கிருந்தோ கிளம்பி வரட்டும். அது வராவிட்டால் எவ்வளவு நல்ல மதிலும் தோல்வியைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

எண் கேட்டீர்கள் அல்லவா? ஞாயிலின் இடைவெளிக்கு வந்து எய்பவனுக்கு, கீழே முன்பக்கமிருந்து வரும் மூன்று அம்பில் இரண்டு வீணாகட்டும். அம்புத்துளை என்றால் பத்தில் ஒன்பது. பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ வந்தால் பூச்சியம்.