மணலில் மேடாகத் தெரியும் காலடி: வாசகர் கேள்விகள்

சில்வர் பீச்சில் சாயங்காலம் கடலைப் பார்த்து நின்று எடுத்த போட்டோவில் காலடித் தடமெல்லாம் இட்லி மாதிரி உப்பித் தெரிகிறது. போன் கோளாறா? (கடலூர் வாசகி)

போன் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் வெயில் மேற்கே, உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும். அதனால் ஒவ்வொரு தடத்திலும் உங்கள் பக்கத்துச் சரிவு நிழலாகவும் கடல் பக்கத்துச் சரிவு வெளிச்சமாகவும் விழுந்திருக்கும், அதாவது படத்தில் மேல்பாதி பளிச், கீழ்பாதி இருட்டு. வெளிச்சம் தலைக்கு மேலிருந்துதான் வரும் என்பது மூளையின் பழக்கம், ஆகவே மேலே பளிச்சென்றால் மேடு, கீழே பளிச்சென்றால் குழி என்று எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1988-இல் வெறும் நிழலூட்டிய வட்டங்களை வைத்தே இதைக் காட்டினார். படம் சுழலாமல் பூட்டிவிட்டு போனைத் தலைகீழாகப் பிடியுங்கள், அத்தனை தடமும் சட்டென்று குழியாகிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

என் ஆறு வயதுப் பையன் டம்ளர் வரைந்தால் வாயை முழு வட்டமாகவே போடுகிறான். கண்ணில் குறையா?

இதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பக்கவாட்டில் பார்க்கும்போது விழித்திரையில் விழுவது நசுங்கிய வட்டம்தான், ஆனால் டம்ளரின் சாய்வையும் கணக்கில் சேர்த்து, 'இது வட்டம்' என்று மூளை நமக்குக் கொடுக்கிறது. அவன் அதையே வரைகிறான். திட்டாதீர்கள்.

திருக்கனூரில் வாங்கிய காகிதக்கூழ் முகமூடியின் உட்புறத்தைப் பார்த்தால் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, நான் நகர்ந்தால் முகமும் என் பக்கமே திரும்புகிறது!

பிறந்ததிலிருந்து நாம் பார்த்த முகமெல்லாம் புடைத்த முகம்தான், குழிந்த முகத்தை மூளை லேசில் ஒப்புக்கொள்ளாது. குழி என்று தெரிந்தே பார்த்தாலும் புடைப்பாகத்தான் தெரியும். கையெட்டும் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள்: ஆறு சென்டிமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கும் இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு காட்சி கிடைக்கும், அப்போது குழி குழியாகத் தெரியும்.

அப்படியானால் பாண்டி கடற்கரையில் பௌர்ணமி நிலா பெரிதாக, கொஞ்சம் நசுங்கி எழுவதும் மூளையின் வேலையா?

நசுங்கல் காற்றின் வேலை. அடிவிளிம்பின் ஒளி மேல்விளிம்பின் ஒளியைவிட அதிகமாக வளைந்து தூக்கிக் காட்டப்படுகிறது, அதனால் கேமராவிலும் அப்படியே விழும். பெரிதாகத் தெரிவதுதான் நம் மூளையுடையது. நிலா எங்கே இருந்தாலும் கண்ணுக்கு அரை டிகிரிதான். கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் மூடிப் பாருங்கள், அப்புறம் உச்சிக்கு வந்த பிறகும் ஒரு தடவை மூடிப் பாருங்கள்.