நன்கொடை கேக்கப் போற ஆள் மட்டும் ஏன் நிக்க மாட்டேங்கறாங்க?

பாலக்காடு மாவட்டத்துல இருக்கற வேலந்தாவளம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அக்கா, படுத்த படுக்கையா கெடக்கறவங்கள வீட்டுக்கே போய் பாத்துக்கற சின்ன ட்ரஸ்ட் எங்களோடது, மொத்தம் 11 பேரு. நர்ஸ், டிரைவர் எல்லாம் வருஷக்கணக்கா இருக்காங்க, ஆனா நன்கொடை திரட்டற ஆளு மட்டும் 3 வருஷத்துல 4 பேர் போயிட்டாங்க. சம்பளம் 16,000, கொண்டு வர்ற பணத்துல 5 சதவீதம் கமிஷன், மாசம் 3 லட்சம் டார்கெட். கடைசியா இருந்த பொண்ணும் 4,000 கூடக் கெடைக்குதுன்னு கோயமுத்தூர் போயிருச்சு. அவ்ளோ எங்களால தர முடியாது, என்ன பண்றது?"

தம்பி, உங்க நர்ஸும் டிரைவரும் கோயமுத்தூர் போனா அவங்களுக்கும் கூடத்தான் கெடைக்கும். ஆனா போகலல்ல? அப்போ காசு மட்டும் காரணமில்ல. நர்ஸு தெனமும் நோயாளி முகத்தப் பாக்கறாங்க, புண்ணு ஆறுனா அந்த வீட்டுல குடுக்கற காப்பியக் குடிச்சுட்டு வர்றாங்க. நன்கொடைக்குப் போற பொண்ணு பாக்கறது ரசீது புக்கையும் "அப்பறம் வாம்மா"ங்கற கடக்காரங்களையும் மட்டுந்தான்.

இந்த வேலைல எனக்கு 20 வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுல ஒரு நாள் இன்னும் மனச அறுக்குது. பொள்ளாச்சில ஒரு தேங்கா மண்டிக்கு, புதுசா சேந்த பொண்ணோட நானும் போயிருந்தேன். மண்டிக்காரர் நல்ல மனுசர், கணக்கு நோட்ட மூடி வெச்சுட்டு, "போன வருஷம் ஏர் பெட் வாங்கிக் குடுத்தமே, அந்தப் பெரியவர் இப்ப எப்படி இருக்காரும்மா"ன்னு கேட்டாரு. அவளுக்குத் தெரியல. ரசீது புக்கோட ஓரத்த நகத்தால சுரண்டிட்டே நின்னா. அவ சேந்து 5 மாசம் ஆயிருந்துச்சு, ஒருநாள் கூட அவள வீட்டு விசிட்டுக்கு நாங்க கூட்டிட்டுப் போகல, வண்டில எடமில்லன்னே சொல்லிட்டு இருந்துருக்கோம். அடுத்த மாசம் வேலைய விட்டுட்டா. அது முழுக்க எங்க தப்பு.

அதனால முதல் காரியமா, யாரு சேந்தாலும் முதல் ரெண்டு வாரம் பணமே கேக்க விடாதீங்க, நர்ஸ் கூட வண்டில அனுப்புங்க. அதுக்கப்பறமும் மாசத்துல ரெண்டு நாள் கட்டாயம் போகணும்.

அடுத்தது கமிஷன். இத நிறுத்திருங்க, நான் உறுதியாவே சொல்றேன். நன்கொடை திரட்டறவங்களுக்குன்னு உலக அளவுல இருக்கற ஏ.எஃப்.பி. சங்கத்தோட நெறிமுறைலயே, வர்ற பணத்துல சதவீதம் போட்டு சம்பளம் குடுக்கக் கூடாதுன்னு இருக்கு. காரணம் ரொம்ப எளிமை. நான் குடுக்கற ஆயிரத்துல அம்பது அந்தப் பொண்ணுக்குப் போகுதுன்னு தெரிஞ்சா குடுக்கறவர் மனசு சுருங்கிரும். கமிஷன நம்பி இருக்கறவங்களும் இன்னிக்கே குடுக்கறவங்களத் தேடித்தான் ஓடுவாங்க, பத்து வருஷம் கூட நிக்கப் போறவர்கிட்ட உக்காந்து பேச நேரம் இருக்காது. அந்தக் காச சம்பளத்துலயே சேத்துக் குடுங்க. 20 பேருக்குக் கம்மியா இருந்தாலும் விருப்பப்பட்டு பி.எஃப்.ல சேரலாம், ஆடிட்டர்கிட்ட கேளுங்க. பி.எஃப். நம்பர் ஒண்ணு இருந்தாலே வீட்டுல "இதெல்லாம் ஒரு வேலையா"ன்னு கேக்கறது கொறையும்.

3 லட்சம் டார்கெட் எங்கிருந்து வந்துச்சு தம்பி? செலவக் கூட்டிப் பாத்து, பத்தாத தொகைய 12ஆல வகுத்து அவ தலைல வெச்சிருப்பீங்க, நெறைய எடத்துல இப்படித்தான் நடக்குது. போன வருஷம் குடுத்தவங்க எத்தன பேரு, அதுல எத்தன பேரு மறுபடி குடுத்தாங்கன்னு பாத்துட்டு அங்கிருந்து போடுங்க. முதல் வருஷம் பணத்த எண்ணாம, எத்தன பேர நேர்ல பாத்தாங்க, எத்தன பேருக்கு நன்றி சொன்னாங்கன்னு எண்ணுங்க.

பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுல இருக்கற கம்பெனில சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிங்க சமூக சேவைக்குன்னு ஒதுக்கற பணம், அத வாங்கிட்டு வான்னு புதுசா சேந்தவங்கள அனுப்பறதும் அப்படித்தான். 2013 கம்பெனிச் சட்டத்துல 135ஆவது பிரிவுப்படி சொத்து, விற்பனை, லாபம் இதுல ஏதாவது ஒண்ணு சட்டம் சொல்ற அளவுக்கு இருக்கற கம்பெனிங்க முந்தின 3 வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணணும், அது சரி, ஆனா அவங்க கமிட்டி வருஷத் திட்டம் போட்டு போர்டு ஓகே பண்ணணும், அந்தப் பணத்த வாங்க அரசுகிட்ட பதிவு பண்ணுன சி.எஸ்.ஆர்.-1 நம்பர் உங்ககிட்ட இருக்கணும், இதெல்லாம் 3 மாசத்துல ஆகற காரியமில்ல. அங்க நீங்களே கூடப் போங்க. செக்ரட்டரி வந்தா மேனேஜர் ரூம் வரைக்கும் போகலாம், தனியா போற பொண்ணு செக்யூரிட்டி கேட்டோட நின்னுருவா.

யாரும் பெருசா நெனைக்காத ஒண்ணு ரசீது. நன்கொடை குடுத்தவங்களுக்கு 80ஜி வருமான வரி விலக்கு கெடைக்கணும்னா, யாரு எவ்ளோ குடுத்தாங்கங்கற 10பிடி படிவத்த மே 31க்குள்ள ட்ரஸ்ட் தாக்கல் பண்ணி, அவங்களுக்கு 10பிஇ சர்டிபிகேட் தரணும். கணக்குப் பாக்கறவர் தாமசம் பண்ணுனா திட்டு வாங்கறது யாரு? போன் நம்பர் குடுத்துட்டு வந்த அந்தப் பொண்ணு. 2,000க்கு மேல ரொக்கமா வாங்குனா 80ஜி கெடையாதுன்னு அவகிட்ட முன்னாடியே சொல்லிக் குடுக்காம அனுப்பறதும் நடக்குது. இன்னொருத்தர் தப்புக்கு இவ மன்னிப்புக் கேட்டுட்டே இருந்தா எத்தன நாள் தாங்கும்?

2013ல அமெரிக்கால வந்த ஒரு ஆய்வுலயே இந்த வேலைல தலைமைல இருக்கறவங்கள்ல பாதிப் பேரு இப்ப இருக்கற எடத்த ரெண்டு வருஷத்துக்குள்ள விட்டுருவோம்னு சொல்லியிருந்தாங்க, அதனால உங்க ட்ரஸ்டுக்கு மட்டும் ஏதோ கெட்ட நேரம்னு நெனைக்காதீங்க. நம்ம பக்கத்துல வேற வழியும் இருக்கு. கோழிக்கோட்டுல 1993ல ஆரம்பிச்ச பாலியேட்டிவ் வேலை, அதாவது தீராத நோயில இருக்கறவங்க வலியக் கொறைச்சுப் பாத்துக்கற வேலை, மலப்புறத்துல ஊர்க்காரங்களே நடத்தற அமைப்பா பரவுச்சு, கடைக்காரரு, ஸ்டூடன்ட்ஸ்னு ஆளாளுக்கு சின்னச் சின்னத் தொகையா குடுத்தே ஓடுச்சு, 2008ல கேரள அரசே அதுக்குன்னு கொள்கை கொண்டு வந்துச்சு. உங்க பக்கத்துல கொழிஞ்சாம்பாற, வண்ணாமடைன்னு ஊருக்கு நாலு பேரு மாசாமாசம் வசூல் பண்ணிக் குடுத்தா உங்க ஆளு அவங்கள ஒருங்கிணைக்கற வேலையப் பாக்கலாம், ஒத்தையா வெயில்ல அலைய வேண்டியதில்ல.

போன பொண்ணு நம்பர் வெச்சிருப்பீங்கல்ல. திரும்ப வான்னு கேக்காதீங்க, "எதனால போன கண்ணு"ன்னு மட்டும் கேளுங்க, நடுவுல பேசாம கேட்டு எழுதி வெச்சுக்கோங்க. அடுத்த ஆளுக்கு விளம்பரம் குடுக்கறதுக்கு முன்னாடி ட்ரஸ்டி மீட்டிங்ல அதப் படிங்க. அப்படியே வண்டில ஒரு சீட்டு ஒதுக்குங்க.