சித்திரைக் கொடையா, கோடை நாடகமா?

கேள்வி: அக்கா, நான் பாளையங்கோட்டையில் பி.ஏ. மூன்றாம் வருடம் படிக்கிறேன். அப்பா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிக்கிறார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நானும் அதே குழுவில் பின்பாட்டுப் பாடுகிறேன். போன மாதம் இரண்டு நாடகக் குழுக்களின் ஆடிஷனுக்குப் போனேன். மதுரைப் பக்கத்துக் குழு ஒன்று கூப்பிட்டிருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து 45 நாள், குழந்தைகள் நாடகத்தோடு ஊர் ஊராகப் போக வேண்டும். 18,000 ரூபாய், சாப்பாடு, தங்குமிடம். ஆனால் நான் கேட்டது ராணி வேடம். கொடுத்திருப்பது கோரஸ், அதோடு உடைப் பொறுப்பு. சென்னைக் குழு பெரியது, ‘பார்த்துச் சொல்கிறோம்’ என்றதோடு சரி. மதுரைக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பாவோ, “சித்திரைக் கொடை (ஊர்க் கோயில் திருவிழா) நேரத்தில் நீ போயிட்டா பின்பாட்டுக்கு யாரு?” என்கிறார். என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேரன்மகாதேவி

பதில்: போயிட்டு வா தங்கச்சி. என் மனசில் முதலில் வந்தது இதுதான், உன் கடிதத்தை இரண்டாம் தடவை படித்த பிறகும் மாறவில்லை.

கோரஸ் என்றதும் உன் எழுத்தில் ஒரு சுணக்கம் தெரிகிறது. ஆடிஷனில் ஆள் எடுக்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன். வந்தவர் வசனம் பேசுவதைப் பார்க்கிற அளவுக்கு, அடுத்தவர் பேசும்போது இவர் என்ன செய்கிறார் என்பதையும் பார்ப்போம். காது கொடுக்கிறாரா, தன் முறை எப்போது வரும் என்று நிற்கிறாரா? நீ வில்லடியில் வளர்ந்த பெண். அண்ணாவி, அதாவது குழுவின் தலைமைப் பாடகர், வரியை விடும் இடத்தில் பிடித்துத் திருப்பிப் பாடுவதும், கதை நடுவில் ‘ஆமா’ போட்டு அடுத்த அடிக்குத் தூக்கிக் கொடுப்பதும் உனக்குப் பழக்கம். கோரஸ் வேலையே அதுதான். அந்த இயக்குநர் உன்னிடம் அதைக் கண்டுபிடித்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். அப்புறம், குழந்தைகள் நாடகத்தில் ராணி மூன்று காட்சிக்கு வந்துவிட்டுப் போவாள். கோரஸ் தொடக்கம் முதல் கடைசி வரை மேடையில் நிற்கும். மரமாகும், ஆறாகும், ராணியின் பல்லக்காகவும் ஆகும். உன் வயதில் உடம்பும் குரலும் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

குழந்தைகள் நாடகம்தானே என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்து, காந்திகிராமத்திலும் பிறகு தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் பாடம் சொல்லிக் கொடுத்த பேராசிரியர் சே. இராமானுஜம் நம் நாங்குநேரிக்காரர். குழந்தைகளோடு நாடகம் செய்வதை அவர் பெரிய வேலையாக மதித்தார். குழந்தைகள் மரியாதைக்காக உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அலுத்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். எந்த இடத்தில் தொய்வு என்று உனக்கு அன்றைக்கே தெரிந்துவிடும்.

உடைப் பொறுப்புதான் நிஜமாகவே கஷ்டம். அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு காட்சி என்றால், முதல் காட்சி முடிந்ததும் எல்லாருடைய உடையும் வியர்வையில் பிழிகிற மாதிரி இருக்கும். துவைக்க இடமும் தண்ணீரும் உண்டா? மாற்றுடை ஒரு ஜோடி தருவார்களா? கூட ஒரு ஆள் உண்டா? இதை இப்போதே கேள். தனி ஆளாகச் செய்ய வேண்டுமென்றால் அதற்கு மேல்தொகை கேட்பதில் தப்பில்லை. 18,000-ஐ 45-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 400 ரூபாய். சாப்பாடும் தங்குமிடமும் சேர்ந்திருப்பதால் படிக்கும் பெண்ணுக்கு மோசமில்லை. ஆனால் பயணச் செலவு யாருடையது, பணம் எந்தத் தேதியில் வரும், காட்சி ரத்தானால் என்ன என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும்.

பரீட்சை அட்டவணையைப் பார்த்தாயா? கடைசிப் பேப்பர் மே மாதத்துக்குள் இழுத்தால், அந்தத் தேதிகளை ஒப்புக்கொள்வதற்கு முன்பே சொல்லிவிடு. முன்கூட்டித் தெரிந்தால் ஒத்திகையை அதற்கேற்ப மாற்றுவார்கள். சேர்ந்த பிறகு சொன்னால் கோபப்படுவார்கள், அது நியாயமும்கூட. மூன்று வருடப் படிப்பை அரியரில் விட்டுவிட்டு வர வேண்டாம்.

இனி, எதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றால், தங்குமிடம். குழுவில் எத்தனை பெண்கள்? ராத்திரி எங்கே படுக்கை? உள்ளே தாழ்ப்பாள் உண்டா? காட்சி முடிந்து வேனில் யார் யார் வருவார்கள்? பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆள் குறைவென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். ‘உங்கள் குழுவில் புகாரை யாரிடம் சொல்ல வேண்டும்?’ என்று நேராகக் கேள். போன வருடம் அவர்களோடு போன ஒரு பெண்ணின் நம்பரையும் வாங்கிப் பேசு. இந்தக் கேள்விகளுக்கு மழுப்பினாலோ, ‘ஏன் இவ்வளவு சந்தேகம்?’ என்று சலித்துக்கொண்டாலோ, ராணி வேடமே கொடுத்தாலும் போகாதே.

சென்னைக் குழுவுக்கு இன்றைக்கே நாலு வரி எழுது. வேறு வாய்ப்பு வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் தர வேண்டும், என் விஷயத்தில் உங்கள் முடிவைத் தெரிவிக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பதில் வராவிட்டால் அதையே பதிலாக வைத்துக்கொள். மதுரைக்குச் சரி என்று சொன்ன பிறகு மே மாதம் சென்னையிலிருந்து அழைப்பு வந்தால், அடுத்த முறை வருகிறேன் என்று சொல்லிவிடு. எட்டுப் பேர் கோரஸில் ஒருத்தி நடுவில் போனால், மற்ற ஏழு பேரும் நிற்கும் இடத்திலிருந்து எல்லாவற்றையும் மாற்றிப் பழக வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டு அதைச் செய்யக் கூடாது.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கும். அவர் கேட்பது நியாயமான கேள்வி. அதனால், ‘போறேன்’ என்று மட்டும் சொல்லாமல், உன் இடத்தில் பாட ஒரு ஆளோடு போய்ச் சொல். சித்திரையில் அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கும் கொடைகளின் தேதியை எழுதி வாங்கு. கொடை பெரும்பாலும் செவ்வாய், வெள்ளியில்தானே வரும். அந்த ராத்திரிகளுக்குச் சொந்தத்திலோ பக்கத்து ஊர்க் குழுவிலோ பாடத் தெரிந்த பெண் இருப்பாள். அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, நீ கிளம்புவதற்கு முன்னால் இரண்டு கதைக்காவது உன்னோடு உட்கார வைத்துப் பழக்கு. ஆடி, ஆவணிக் கொடைக்கு நான் வந்துவிடுவேன் அப்பா என்று அண்ணாவியையும் வைத்துக்கொண்டு சொல். சனிக்கிழமைக்குள் இதை முடித்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போன் செய்யும்போது அவரும் பக்கத்தில் இருப்பார்.