ஆண்–ஆண் காதல் கதைகளையும் ஃபேன்டஸியையும் ஆடியோ புக்காகக் கேட்பது எப்படி இருக்கிறது? எதிலிருந்து தொடங்கலாம்?

முதலில் வாசிப்பவர் யார் என்று பாருங்கள். கதை, எழுத்தாளர், அட்டைப்படம் எல்லாம் அப்புறம். சில நிமிட மாதிரித் துண்டு ஒன்றை இலவசமாகவே போட்டு வைத்திருப்பார்கள். அதைக் கேட்காமல் நான் இப்போதெல்லாம் கிரெடிட்டை (ஆடிபிள் ஆடியோ புக் தளத்தில் சந்தாவுக்குக் கிடைக்கும், புத்தகம் வாங்கும் டோக்கன்) செலவழிப்பதில்லை. இந்தப் புத்தி வருவதற்குள் நிறைய கிரெடிட் போயிற்று.

எந்த ஆடியோ புக்குக்கும் குரல் முக்கியம்தான். ஆனால் இந்த வகைக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. ஆண்–பெண் காதல் கதையில் ‘அவன்’, ‘அவள்’ என்ற இரண்டு சொல்லே பாதி வேலையைப் பார்த்துவிடும். இங்கே இருவருமே ‘அவன்’. நான் கேட்டதெல்லாம் ஆங்கிலப் புத்தகங்கள். அவன் அவனுடைய கையை அவனுடைய தோளில் வைத்தான் என்கிற மாதிரி ஒன்று வந்தால் யார் கை, யார் தோள்? தமிழுக்கு ‘தன்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ‘தன் கையை அவன் தோளில் வைத்தான்’ என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆங்கிலத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் எழுதுகிறவர்கள் பெயரைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள், இல்லையென்றால் ‘உயரமானவன்’, ‘பொன்னிற முடிக்காரன்’ என்று சுற்றி வளைக்கிறார்கள். அச்சில் குழம்பினால் இரண்டு வரி மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்கிறவன் எங்கே போய்ப் பார்ப்பது? அந்த இடத்தில் வாசிப்பவர்தான் கை கொடுக்க வேண்டும். நல்ல வாசிப்பாளர் என்றால் பெயரே வராத ஒரு பக்க உரையாடலிலும் யார் பேசுவது என்று ஒரு கணம்கூடத் தடுமாற மாட்டோம்.

ஆனால் இரண்டு குரலையும் பிரிப்பதற்குச் சிலர் எடுக்கும் வழி எனக்கு எரிச்சலைத் தரும். ஒருவனுக்குக் கட்டைக் குரல், இன்னொருவனுக்கு இழைந்து குழையும் மெல்லிய குரல். யார் ‘ஆம்பளை’, யார் ‘பொம்பளை’ என்று எங்களைப் பார்த்துக் கேட்கிற அதே அசட்டுக் கேள்விக்கு ஒலி வடிவில் பதில் சொல்வது மாதிரி இருக்கும். இதைத் தவிர்த்து எப்படிப் பிரிக்கலாம் என்பதற்குக் கே. ஜே. சார்ல்ஸின் ‘தி மேக்பை லார்ட்’ கேளுங்கள். கார்னெல் காலின்ஸ் வாசித்தது. ஓங்கு தாங்கான பிரபு ஒருவன், அவனுக்கு வைத்த சூனியத்தை எடுக்க வருகிற குள்ளமான, கசங்கிய உடைபோட்ட மந்திரவாதி ஒருவன். உண்மையான சக்தி அந்தக் குள்ளனிடம்தான் இருக்கிறது. அவன் குரலைக் கீச்சிட வைத்திருந்தால் கதையே கெட்டிருக்கும். பேச்சின் வேகம், வர்க்கத்துக்கேற்ற உச்சரிப்பு, எங்கே மூச்சு விடுகிறார்கள் என்பதை வைத்தே இருவரையும் பிரித்து நிறுத்தலாம்.

சரி, இரண்டு வாசிப்பாளர் இருந்தால் பிரச்சினை தீர்ந்ததா? அதுவும் இல்லை. ஓர் அத்தியாயம் இவன் பார்வையில், அடுத்தது அவன் பார்வையில் என்று போகும் கதைகளில் ஆளுக்கொரு பார்வையைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். முதலாமவர் வாசிக்கும்போது காதலனின் குரல் ஒரு மாதிரி இருக்கும். அடுத்த அத்தியாயத்தில் அதே காதலன் சொந்தக் குரலில் பேசும்போது வேற்றாள் வந்து உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். ‘டூயட்’ என்று போட்டிருந்தால் அவரவர் வசனத்தை அவரவரே பேசுவார்கள், அது பரவாயில்லை. எனக்கு இன்னும் ஒற்றைக் குரல்தான் பிடிக்கும். பாட்டி ஒருத்தியே ராஜாவும் ராட்சசனுமாகப் பேசிக் கதை கேட்டு வளர்ந்த காது இது.

எம்எம் ரொமான்ஸ் (ஆண்–ஆண் காதல் கதை) வட்டத்தில் திரும்பத் திரும்பச் சில குரல்களே வரும். நேற்றுவரை ஓநாயாக மாறி நிலவைப் பார்த்து ஊளையிட்டவர் இன்று ஐஸ் ஹாக்கி மட்டையோடு நிற்பார். 2011-ல் ஆடியோ புக் தயாரிப்பதற்கான ஆடிபிளின் ஏசிஎக்ஸ் தளம் வந்த பிறகு, தானே பதிப்பிக்கும் எழுத்தாளர்கள் ஒரு வாசிப்பாளரைப் பிடித்து, வருவதைப் பங்குபோட்டுக்கொண்டு ஆடியோ தயாரிக்க முடிந்தது. பெரிய பதிப்பகங்கள் சீண்டாத கதைகளெல்லாம் காதுக்கு வந்தது அதனால்தான். கூடவே குப்பையும் வந்தது, மறுக்கவில்லை. ஒரு மணி நேர ஒலிக்குச் சுமார் 9,300 சொற்கள் என்று அங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு லட்சம் சொல் நாவல் என்றால் பத்தே முக்கால் மணி நேரம் ஒருவர் மூச்சு நம் காதில் இருக்கும். எச்சில் விழுங்குவது கேட்டால்கூட அத்தனை நேரம் தாங்க முடியாது.

ஃபேன்டஸிக்கு வருகிறேன். இதில் ஆடியோவின் பெரிய குறை வரைபடம் இல்லாதது. அடுத்தது பெயர்கள். காதால் மட்டும் கேட்ட ஒரு நாட்டின் பெயரைத் தேடுபொறியில் எழுத்துக்கூட்டத் தெரியாமல் நான் திண்டாடிய நாட்கள் உண்டு. ஆனால் குரல் நன்றாக இருந்தால் வரைபடம் இல்லாமலே ஊர் பழகிவிடும். சி. எஸ். பகாட்டின் ‘கேப்டிவ் பிரின்ஸ்’ மூன்று பாகமும் அப்படித்தான் கேட்டேன், ஸ்டீவன் பெல் டேவிஸ் வாசித்தது. அரியணையைப் பறிகொடுத்த இளவரசன் பகை நாட்டு இளவரசனுக்கே அடிமையாக அனுப்பப்படுகிறான். எச்சரிக்கை: முதல் பாகத்தில் அடிமைமுறையும் பாலியல் வன்முறையும் நிறைய. பலர் பாதியில் விட்டுவிடுவார்கள், அதில் தப்பும் இல்லை. நான் விடாததற்கு அரண்மனை அரசியல் ஒரு காரணம். இரண்டாம் பாகத்தில் அந்த இருவரும் ஒருவர் மூளையை ஒருவர் மதிக்கத் தொடங்கும் இடம் இன்னொரு காரணம். இதையெல்லாம் 1.5 வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும். ‘ஸ்லோ பர்ன்’, அதாவது மெல்ல மெல்லப் பற்றும் காதல் என்பதை ஃபாஸ்ட் பார்வர்டில் கேட்டு என்ன கிடைக்கும்?

மேட்லின் மில்லரின் ‘தி சாங் ஆஃப் அக்கிலீஸ்’, 2012-ல் ஆரஞ்சுப் பரிசு வாங்கியது. அக்கிலீஸின் காதலன் பேட்ரோக்ளஸ் சொல்லும் கதை. ட்ராய் போரில் அவன் செத்துப்போவது ஹோமர் காலத்திலிருந்தே ஊரறிந்த செய்தி, எனவே ஸ்பாய்லர் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். கொல்லப்பட்ட பிறகும் ‘நான்’ என்றே அவன் கதையைத் தொடர்கிறான். படித்தபோது அது எனக்கு ஓர் உத்தியாக மட்டும்தான் பட்டது. ஃபிரேசர் டக்ளஸ் வாசித்துக் கேட்டபோது, இத்தனை மணி நேரமாகக் காதோடு பேசிக்கொண்டிருந்த அதே குரல் செத்த பிறகும் நிறுத்தாமல் பேசியது. பரங்கிமலையில் இறங்க வேண்டியவன் தாம்பரம் வரை போய்விட்டேன். ஆனால் இதிலிருந்து தொடங்காதீர்கள்.

ஏன் என்றால், எங்கள் கதைகள் சாவில்தான் முடியும் என்பது ரொம்ப நாள் எழுதப்படாத சட்டமாக இருந்தது. இ. எம். ஃபார்ஸ்டர் ‘மாரிஸ்’ நாவலை 1913–14-லேயே எழுதிவிட்டார். இருவரும் சேர்ந்து வாழ்வதாகத்தான் முடிக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். இங்கிலாந்தில் ஆண்–ஆண் உறவு குற்றமாக இருந்த காலம். அவர் இறந்த பிறகு 1971-ல்தான் புத்தகம் வெளிவந்தது. அதனால் ரொமான்ஸ்காரர்கள் ‘முடிவு சுபம்தானே?’ என்று முதலிலேயே உறுதிப்படுத்திக்கொள்வதை இலக்கியவாதிகள் கேலி செய்தால் எனக்குக் கோபம் வரும். சுபமாக முடிப்பதற்காக ஒருவர் அரை நூற்றாண்டுக்கு மேல் கையெழுத்துப் பிரதியைப் பெட்டிக்குள் வைத்திருந்திருக்கிறார்.

என் சொந்தக் கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 377-ஆம் பிரிவு பற்றி, எங்கள் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு 2018 செப்டம்பர் 6. ஆடிபிள் இந்தியாவுக்கு வந்தது அதே ஆண்டு நவம்பர். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் என் வாழ்க்கையில் இரண்டும் சேர்ந்தே வந்தன. மேன்ஷன் அறையில் மூன்று பேரோடு இருந்தவனுக்கு, இரண்டு ஆண்கள் கட்டிப்பிடித்து நிற்கும் அட்டையோடு ஒரு புத்தகத்தைத் தலைமாட்டில் வைக்க முடியாது. காதில் இருப்பதற்கு அட்டை கிடையாது.

படுக்கையறைக் காட்சிகளைப் பற்றிக் கேட்டால், படிப்பதைவிடக் கேட்கும்போது கூச்சம் அதிகம். கண்ணால் தாண்டிவிடுகிற வரியைக் காதால் தாண்ட முடியாது. நெரிசலில் பக்கத்து ஆள் தோள் இடிக்கும்போது அந்த அத்தியாயம் வந்தால் நான் நிறுத்திவிட்டுப் பாட்டுப் போட்டுக்கொள்வேன்.

தொடங்குவதற்கு டி. ஜே. க்ளூனின் ‘தி ஹவுஸ் இன் த செருலியன் சீ’ (2020). டேனியல் ஹென்னிங் வாசித்தது, சுமார் 12 மணி நேரம். மாயக் குழந்தைகள் துறையில் கோப்பு பார்க்கும் நாற்பது வயது அலுவலர் ஒருவர், ஒரு தீவிலுள்ள அனாதை இல்லத்தை ஆய்வு செய்யப் போகிறார். சாத்தானின் ஆறு வயது மகன் உட்பட ஆறு பிள்ளைகள், ஆறு பேருக்கும் ஆறு விதக் குரல். இல்லத்தை நடத்துபவர் மேல் அலுவலருக்கு வரும் காதல் ரொம்ப மெதுவாக, கூச்சத்தோடு வரும். சர்க்கரை கொஞ்சம் கூடுதல் என்பார்கள், இருக்கட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரில் இதைப் போட்டேன். இயர்போனுக்குப் போக வேண்டியது ப்ளூடூத் குழப்பத்தில் ஹாலில் இருந்த ஸ்பீக்கருக்குப் போய்விட்டது. ஓடி வருவதற்குள் அம்மா சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் என்னைப் பற்றித் தெரியாது. “என்னடா இது, குழந்தைங்க கதையா?” என்றார். அந்த நேரத்தில் சாத்தான் மகன்தான் பேசிக்கொண்டிருந்தான், நல்ல வேளை. “ஆமாம்மா, அனாதை இல்லத்துக் கதை” என்றேன். அரை மணி நேரம் கேட்டுவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை காபி கொடுக்கும்போது கேட்டார்: “அந்த ஆபீசர் அப்புறம் ஊருக்குத் திரும்பிப் போனாரா, இல்ல அந்தத் தீவுலயே அவரோட இருந்துட்டாரா?”

“பாதிதாம்மா கேட்டிருக்கேன்” என்றேன். அது எனக்கு மூன்றாம் தடவை.