நெட் பிராக்டிஸ்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்குக் கிரிக்கெட் தெரியாது. ஒரு பெரிய வாடிக்கையாளரிடம் எங்கள் திட்டத்தை விளக்கிப் பேசும் பொறுப்பு அலுவலகத்தில் முதல்முறையாக எனக்கு வந்தது. இரண்டு நாள் முன்னதாக எங்கள் குழுவினர் முன்னால் பேசிக் காட்டச் சொன்ன மேலாளர், "இது நெட் பிராக்டிஸ்தாம்மா, பயப்படாதே" என்றார். பேருக்கு நடப்பது என்று நினைத்து, ஒன்றும் தயார் செய்யாமல் போய்விட்டேன். அங்கே கேள்விமேல் கேள்வி. திணறிப்போனேன். அவருக்கு என்மேல் வருத்தம், எனக்கு அவர்மேல். செய்தித்தாளில் 'வலைப்பயிற்சி' என்று எழுதுகிறார்கள். இணையத்தில் செய்யும் பயிற்சி என்றுகூட முதலில் நினைத்தேன். இதற்கு உண்மையில் என்ன பொருள்? நான் புரிந்துகொண்டது தவறா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் புரிந்துகொண்டதைப் போலத்தான் பலரும் புரிந்துகொள்கிறார்கள். 'சும்மா நெட் பிராக்டிஸ்' என்று அந்தச் 'சும்மா'வையும் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். சிறுவயதில் சில வருடங்கள் அந்த வலைக்குள் நின்றவன் நான். அங்கே சும்மா நடப்பது எதுவும் இல்லை.

திறந்த மைதானத்தில் ஒரு பந்தை ஓங்கி அடித்தால் யாராவது ஓடிப்போய் எடுத்துவர வேண்டும். பாதி நேரம் அதிலேயே போய்விடும். மட்டையாளருக்குப் பின்னாலும் இரண்டு பக்கமும் வலை கட்டிவிட்டால் பந்து அங்கேயே விழுந்துவிடும். ஆடுகளம் அதே 22 கஜம்தான். நாலைந்து பௌலர்கள் ஆளுக்கொரு பந்தோடு வரிசையாக நிற்பார்கள். ஒருவர் வீசிவிட்டு ஒதுங்குவதற்குள் அடுத்தவர் ஓடிவரத் தொடங்கியிருப்பார். மேட்ச்சில் ஒரு பௌலர் தொடர்ந்து ஆறு பந்து வீசுவார், அவர் கையைப் படித்துக்கொள்ளலாம். இங்கே ஒரு வேகப்பந்து, அடுத்தது சுழல், அதற்கடுத்தது இடது கையிலிருந்து. மூச்சுவிட நேரம் இருக்காது.

பந்து பட்டு ஸ்டம்ப் எகிறும், மேட்ச்சாக இருந்தால் அவுட். மட்டையாளர் குனிந்து அதை எடுத்து நட்டு, மட்டையின் பின்பக்கத்தால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி நிற்பார். அடுத்த பந்து வரும். நீங்கள் கேட்ட பொருள் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. பந்து நிஜம், வீசுகிறவர் நிஜம், பட்டால் வலிப்பதும் நிஜம். அவுட் மட்டும் கணக்கில் வராது. உங்கள் மேலாளர் 'பயப்படாதே' என்றது இந்தக் கடைசி விஷயத்தை நினைத்து. நீங்கள் பந்தே வராது என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

ஆஸ்திரேலிய மட்டையாளர் டான் பிராட்மேன் சிறுவனாக இருந்தபோது, பௌரல் என்ற ஊரில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, அது தாறுமாறாகத் திரும்பி வரும்போது மட்டைக்குப் பதில் ஒரு ஸ்டம்பால் அடித்துக்கொண்டிருந்தார். வலையும் இல்லை, பௌலரும் இல்லை. இரண்டின் வேலையையும் அந்தச் சுவரே செய்தது. பின்னாளில் டெஸ்டில் 99.94 ரன் சராசரி வைத்தவர் சும்மாவா ஆடியிருப்பார்?

வலை ஏமாற்றவும் செய்யும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபீல்டர்கள் கிடையாது. தூக்கி அடித்த பந்தை "அது கேட்ச்" என்பார் பௌலர், "அங்கே ஆளே இல்லை" என்பார் மட்டையாளர். அம்பயரும் இல்லாததால் பௌலரின் கால் கோட்டைத் தாண்டிப் போவதை யாரும் கவனிப்பதில்லை. அந்தக் கால் மேட்ச்சிலும் தாண்டும், அங்கே அது நோ-பால். 'நெட்ஸில் நன்றாக ஆடுவான், மேட்ச்சில் சொதப்புவான்' என்று சிலரைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி தமிழ்ச் சொல். கிரிக்கெட்டுக்கு 'வலைப்பயிற்சி' நல்ல சொல், நிலைத்தும் விட்டது. அலுவலகப் பேச்சில் அதைச் சொன்னால் உங்களுக்கு நேர்ந்த குழப்பம்தான் வரும். 'ஒத்திகை' என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒத்திகை என்றால் நாடகத்தை முதலிலிருந்து கடைசிவரை, நடக்கப்போகிறபடியே நடத்திப் பார்ப்பது. வலைக்குள் யாரும் இன்னிங்ஸ் ஆடுவதில்லை. இடறுகிற ஒரே ஷாட்டை நாற்பது தடவை ஆடலாம். 'வெள்ளோட்டம்' தேருக்கும் கப்பலுக்கும். செய்து முடித்த பொருள் ஓடுகிறதா என்று பார்ப்பது. எனக்கு நெருக்கமாகப் படுவது பாடகர்கள் சொல்கிற 'சாதகம்'. ஒரே ஸ்வர வரிசை, படியும்வரை திரும்பத் திரும்ப. சாதகத்தில் எதிரே ஆள் இல்லை, வலையில் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

எதிரே நிற்கிற அந்த ஆளுக்கு நெட் பௌலர் என்று பெயர். மட்டையாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்கென்றே அணியோடு கூட்டிப் போவார்கள். 2020இல் இந்திய அணியின் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கு முதலில் நெட் பௌலராகத்தான் தமிழ்நாட்டு வேகப்பந்து வீச்சாளர் நடராஜனை எடுத்தார்கள். மற்றவர்கள் காயம்பட, வாய்ப்பு ஒவ்வொன்றாக வந்தது. அதே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் நடந்த தன் முதல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். வலையில் அவர் சும்மா வீசியிருந்தால் அழைப்பு வந்திருக்காது.

உங்களைக் கேள்விகளால் திணறடித்த சக ஊழியர்கள் அன்று உங்களுக்கு நெட் பௌலர்கள். அவர்கள்மேல் வருத்தம் வேண்டாம். மேலாளர் மேலும் வேண்டாம், "பந்து வரும், தயாராக வா" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம் என்றாலும்.

அந்த வாடிக்கையாளர் முன்னால் பேசினீர்களே, அது எப்படிப் போனது என்று எழுதவே இல்லை. எழுதுங்கள்.

அன்புடன்.